வாசகர் கேள்வி: கொட்டகை மூங்கிலில் கருவண்டு

கேள்வி: எங்கள் மாட்டுக்கொட்டகை மூங்கிலில் ஒரு பெரிய கருவண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறது. கீழே தூளாகக் கொட்டுகிறது. கிட்டே போனால் இன்னொன்று முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுகிறது. பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம். மண்ணெண்ணெய் ஊற்றி அடைத்துவிடு என்கிறார்கள். ஊற்றட்டுமா? (செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஊற்றாதீர்கள் அம்மா. அந்தரத்தில் நின்று முறைப்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது, வெறும் சத்தம்தான். ஓட்டை போடுகிற பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. ஓட்டைக்குள் குச்சி விடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், போதும்.

வண்டு என்று சொன்னாலும் இது தேனீ இனம், தச்சுத் தேனீ. ராணியும் கிடையாது, பெருங்கூட்டமும் கிடையாது. தாய் தனியாளாக வீடு கட்டும். மரத்தைத் தின்பதில்லை, கடித்துத் துப்பியதுதான் கீழே கிடக்கிற தூள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய மூங்கில் ஏணி ஒன்று கிடந்தது. முருங்கைக்காய் பறிக்க ஏறினேன், படி ஒடிந்தது, விழுந்தேன். இடுப்பைத் தடவிக்கொண்டே ஒடிந்த படியைப் பிளந்து பார்த்தால் உள்ளே வரிசையாக நான்கு அறைகள்! மரத்தூளைக் குழைத்து, வட்ட வில்லை மாதிரி தடுப்புச் சுவர். அறைக்கு ஒரு மஞ்சள் உருண்டை, மகரந்தமும் பூந்தேனும் சேர்த்துப் பிசைந்தது. அதன்மேல் ஒரே ஒரு முட்டை, நெல் அரிசியைவிட நீளமாக, லேசாக வளைந்து. பூச்சிகளிலேயே பெரிய முட்டை இடுபவற்றில் இதுவும் ஒன்று. அவ்வளவு பெரிதாக இட்டால் நிறைய இட முடியாது. நீங்கள் ஒரு ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு தாயின் மொத்தக் குடும்பமும் போய்விடும்.

சரி, அந்த மஞ்சள் உருண்டைக்கு மகரந்தம் எங்கிருந்து வந்தது? பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோமே, அந்த ஆவாரம்பூவிலிருந்தும் வரும். ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தமும் பையின் நுனியிலுள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். காலையில் செடிப் பக்கம் காதைக் கொடுத்து நில்லுங்கள். பறந்து வரும்போது ஒரு ரீங்காரம். பூவைக் கட்டிப்பிடித்ததும் சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். அப்போது சுருதி சட்டென்று ஏறும், உப்பு டப்பியைக் குலுக்கினது போல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். சித்திரையில் சரக்கொன்றையிலும் இதே கச்சேரி. நம் ஊர்த் தேன்கூட்டுத் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது.

எருக்கில் கதை வேறு. அங்கே தேன் குடிக்கத்தான் வரும். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அந்தப் பூவின் நடுக் கிரீடத்தின் இடுக்கில் ஊசியை விட்டு நெம்பினால், ஒரு கறுப்புப் புள்ளியில் மாட்டிய இரண்டு மஞ்சள் பைகள் ஜோடியாக வரும். அதுதான் எருக்கின் மகரந்தம். வண்டின் காலில் கவ்விக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். (செய்து பார்த்தால் கையைக் கழுவிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.)

கொட்டகைக்கு வருவோம். பாரம் தாங்குகிற கால் என்றால், போக்குவரத்து நின்று பல வாரம் ஆன ஓட்டையை மட்டும் மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். மேலே வர்ணம் பூசிவிட்டால் அந்தப் பக்கம் அவ்வளவாக வராது. அப்புறம், ஒரு பக்கம் கணு அடைத்த காய்ந்த மூங்கில் துண்டுகள் நாலைந்தைத் தள்ளி, மழை படாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பிடித்திருந்தால் அங்கே குடியேறும்.

கேள்வி: அதே வண்டு கத்தரிப்பூவிலும் தொங்குகிறது. பூ உதிர்ந்துவிடாதா? (அதே வாசகி)

பதில்: உதிராது. கத்தரிப்பூவும் ஆவாரை மாதிரி நுனித்துளைப் பூதான், குலுக்கிவிட ஆள் வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் காலையில் வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.