கேஸ் பாய்லர் டிக் டிக் என்கிறது, பற்றவில்லை: என்ன பார்ப்பது?

டிக் டிக் சத்தம் கேட்கிறது, ஆனால் தீ பிடிக்காமல் பாய்லர் லாக் ஆகிவிடுகிறது (தானாக நின்றுவிடுகிறது) என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தம் வருவதால் ஸ்பார்க் முயற்சி நடக்கிறது, பெரும்பாலும் கேஸ்தான் வந்து சேரவில்லை. அதே இணைப்பில் அடுப்பு இருந்தால் எரிகிறதா பாருங்கள், அப்புறம் மெயின் வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருக்கிறதா, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் மீட்டரில், பாய்லர் குளிர்ந்திருக்கும்போது, பொதுவாக 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். உறைபனிக் காலமென்றால் பாய்லரிலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாயில் பனிக்கட்டி அடைத்திருக்கலாம், குழாயின் மேல் வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் போதும், கொதிநீர் வேண்டாம்.

தீ பிடித்துச் சில நொடியில் அணைகிறதா? அது வேறு கதை. தீ எரிவதை உணரும் சின்னக் கம்பியில் கரி படிந்தால், எரிகிற தீயே இல்லையென்று நினைத்து பாய்லர் கேஸை நிறுத்திவிடும். அதற்கு மூடியைத் திறக்க வேண்டும், உரிமம் பெற்ற மெக்கானிக்தான் செய்யணும்.

ரீசெட்டை ஓரிரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வால்வை மூடிவிட்டு வெளியேறுங்கள்.