60 சதவீதத்தில் நிற்கும் இமேஜிங்

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். ஆய்வகத்தின் 20 பழைய கணினிகளுக்கும் ஒரே விண்டோஸ் 7 இமேஜை (டிஸ்க்கின் முழு நகலை), அத்தகைய நகல்களை ஏற்றும் குளோன்ஸில்லா மென்பொருள் உள்ள சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக ஏற்ற முயல்கிறேன். நன்கொடையாக வந்த மேனேஜ்டு ஸ்விட்சை (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய நெட்வொர்க் ஸ்விட்சை) பொருத்திய நாள்முதல், மிகப் பழைய 5 கணினிகள் நெட்வொர்க் வழியாகத் தொடங்கும்போதே ‘பிஎக்ஸ்இ-இ51’ என்ற பிழையோடு நின்றுவிடுகின்றன. மற்றவற்றுக்கு மல்டிகாஸ்ட் முறையில் ஒரே நேரத்தில் அனுப்பினால், 60 சதவீதத்தை ஒட்டி அனைத்தும் நிற்கின்றன. தனியாக முழுவதும் ஏற்றி முடித்த ஒரு கணினியோ நீலத்திரை காட்டி மறுபடி மறுபடி தொடங்குகிறது. காலையில் திறந்தால் அதில் 2009ஆம் ஆண்டு தேதி இருக்கிறது. சர்வரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கணினியில் இமேஜ் முழுதாக இறங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சர்வரும் இமேஜும் நலமாகவே உள்ளன. நீங்கள் ஒரே கோளாறாக எண்ணுவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள்.

இ51 என்பது, கணினி ஐபி முகவரி கேட்டும், அதை வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்பதைக் குறிக்கும். மேனேஜ்டு ஸ்விட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும், அங்கே வட்டப்பாதை உருவாகிவிடவில்லை என்று உறுதி செய்வதற்காக, பழைய வகை ஸ்பானிங் ட்ரீ 15 வினாடி கவனிப்பிலும் 15 வினாடி கற்றலிலுமாக மொத்தம் 30 வினாடிகள் எந்தத் தரவையும் கடத்தாமல் வைத்திருக்கும். புதிய கணினிகள் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். பழைய நெட்வொர்க் கார்டுகள் சில அதற்குள் கைவிட்டுவிடும். கணினிகள் செருகப்பட்ட போர்ட்டுகளில் மட்டும் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அல்லது ‘எட்ஜ்’ அமைப்பை இயக்குங்கள். இன்னொரு ஸ்விட்சுக்குச் செல்லும் போர்ட்டில் அதைச் செய்யாதீர்கள். நன்கொடை ஸ்விட்சின் கடவுச்சொல் கூடவே வருவது அபூர்வம் என்பதால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை அதற்கும் கணினிகளுக்கும் இடையில் பொருத்திப் பாருங்கள். கணினி மறுதொடக்கம் ஆனாலும் நன்கொடை ஸ்விட்சுக்குச் செல்லும் இணைப்பு அறுபடாது என்பதால் அந்த 30 வினாடிக் காத்திருப்பும் எழாது.

60 சதவீதச் சிக்கலில்தான் பலரும் சர்வரைப் பழிக்கிறார்கள். மல்டிகாஸ்டில், ஒரு பகுதி தங்களுக்குக் கிடைத்துவிட்டதாக எல்லாக் கணினிகளும் சொன்ன பிறகே சர்வர் அடுத்ததை அனுப்பும். ஒரே ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க் எழுத முடியாமல் திணறினாலும் மற்றவை அத்தனையும் அதற்காகக் காத்து நிற்கும். எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பதால், ஏதோ ஒரு டிஸ்க்கில் குறிப்பிட்ட பகுதி பழுதாகியிருக்கும் என்பதே என் முதல் சந்தேகம். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக அனுப்பி, ஆகும் நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குற்றவாளி இதில் தப்பமுடியாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 11 எம்பி போகும். 20 ஜிபி தரவு கடக்க அரை மணி நேரம் ஆகும். அதைவிட வெகுவாகத் தாமதிக்கும் கணினியில், டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில், பழுதான பகுதிகளைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் போதும். டிஸ்க் நன்றாக இருந்தும் வேகம் குறைந்தால், ஸ்விட்ச் போர்ட்டில் யாரேனும் வேகத்தைக் கட்டாயமாக நிர்ணயித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருபுறம் முழு டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் இருதிசையிலும் அனுப்புவது) மறுபுறம் அரை டூப்ளெக்ஸுமாக (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இருந்தால், இணைப்பு சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும் தரவு மிக மெதுவாகவே நகரும்.

மூன்றாவதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தேதி பின்னோக்கிப் போவது, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டதன் அடையாளம். அது தீர்ந்தால், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். பல பழைய மதர்போர்டுகளில் சாட்டா முறை, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, புதிய ஏஹெச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறிவிடும். ஏஹெச்சிஐயில் எடுத்த இமேஜ் ஐடிஇ முறையில் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் தவிக்கும். நீலத்திரையில் ‘ஸ்டாப்’ என்பதை அடுத்து வரும் எண் 7பி என்று முடிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. புதிய பேட்டரி போட்டு, இமேஜ் எடுத்த கணினியில் உள்ள சாட்டா முறையையே இதிலும் அமைத்து, பயாஸில் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். இமேஜை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே இறங்கியதே தொடங்கும்.