கைபேசியில் சேரும் குப்பையும் உருட்டும் பழக்கமும்: கணக்குகளை மூடாமல் சமாளிக்க முடியுமா?

கணக்கு எதையும் மூடாமல், கைபேசியில் குவிந்ததையும், திரையை உருட்டி உருட்டி (ஸ்க்ரோல் செய்து) அதில் கரையும் நேரத்தையும் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பெரும்பாலானோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக அழிப்பதில் தொடங்குகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை அது. அடுத்த பொங்கல் வாழ்த்துகளோடு அத்தனையும் திரும்பி வந்துவிடும். உள்ளே வந்து சேர்வதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில்தான் தொடங்க வேண்டும். 2018 தொடக்கத்தில் கூகுள் தன் கோப்புச் செயலியில் 'குட் மார்னிங்' படங்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதியைச் சேர்த்தது. இந்தியர்களின் கைபேசிகள் காலை வணக்கங்களால் நிரம்பித் திணறியதுதான் காரணம்.

அண்மையில் கும்பகோணத்தில் என் சித்தப்பாவின் கைபேசியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். கேமராவைத் திறந்தாலே 'இடமில்லை' என்றது. வாட்ஸ்அப் அமைப்புகளில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்ற பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டும். கீழே, எந்த உரையாடல் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற வரிசை. முதலிடத்தில் அவருடைய ஓய்வுபெற்ற ஊழியர்கள் குழு. ரோஜாப்பூ, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை, வேலோடு முருகன், மறுபடி ரோஜாப்பூ. நடுவே வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கம், சித்தியின் ஸ்கேன் அறிக்கை, பேரன் முதல் அடி எடுத்துவைக்கும் வீடியோ. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்திருந்தால் இவையும் சேர்ந்தே போயிருக்கும்.

"இந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிடலாமே சித்தப்பா" என்றேன். "ஒருவரிடமிருந்து காலையில் வணக்கம் வரவில்லை என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொள்கிறோம் தம்பி. அதற்குத்தான் அது" என்றார். காலை வணக்கங்களைக் கேலி செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வணக்கம் வரட்டும், படம் தானாகக் கைபேசிக்குள் இறங்க வேண்டாம், அவ்வளவுதான். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் தானாக இறக்கும் வசதியை அணைத்தோம். வந்த படங்கள் கேலரியில் போய் உட்காருவதையும் நிறுத்தினோம். பத்திரத்தையும் அறிக்கையையும் தனி ஃபோல்டருக்கு மாற்றிய பிறகே அழிக்கத் தொடங்கினோம். பெரியவர்களின் கைபேசி என்றால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும்.

ஓயாமல் சத்தம் போடும் குழுக்களை 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள், அதாவது தனிப் பட்டியலில் ஒதுக்கிவையுங்கள். 2021 முதல், புதிய செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வருவதில்லை. விலகியே தீர வேண்டும் என்றால், 2022 முதல் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆனால் கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்கள் யார் யார் என்று குழுவில் உள்ள எவரும் பார்க்கலாம். அடுத்த கல்யாண வீட்டில் அத்தைக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் கணக்கு நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வருகிறதா? இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் (உரையாடல்களின் காப்பு நகல்) இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது. பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டாலே பலருக்குப் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இன்னொன்று: 2021 ஜூன் 1க்கு முன் 'ஹை குவாலிட்டி' தரத்தில் ஃபோட்டோஸில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபி கணக்கில் வரவே வராது. இடம் வேண்டும் என்று பழைய கல்லூரிப் படங்களை மனசில்லாமல் அழித்தால் படமும் போகும், இடமும் கிடைக்காது. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றிய வீடியோக்களில் கைவையுங்கள்.

இனி உருட்டும் பழக்கம். 'மன உறுதி வேண்டும்' என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பெல்லாம் ஒரு பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தலாமா, போதுமா என்று நினைக்கும் அந்த நொடியில்தான் எழுந்துபோகும் வாய்ப்பும் இருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே நீண்டுகொண்டு போகும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தவும் செய்தார். அந்த நொடியைப் பறித்துக்கொண்டு நம்மிடம் உறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பறிபோனதை நாமே திரும்ப வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது யூடியூபில், நாம் பார்த்தவற்றைக் குறித்துவைக்கும் 'வாட்ச் ஹிஸ்டரி'யை அழித்து, அதை அணைத்துவைத்தது. 2023 ஆகஸ்ட் முதல் அப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கம் பரிந்துரைகள் இல்லாமல் வெறுமையாக வருகிறது. தண்ணீர் மோட்டார் ஏன் இழுக்கவில்லை என்று தேடப் போனால் மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நீங்கள் சப்ஸ்கிரைப் செய்த சேனல்கள் தனிப் பகுதியில் அப்படியே இருக்கும். பாதியில் விட்ட வீடியோவைத் தேடிப்பிடிப்பது சிரமம் என்பது ஒரு நட்டம்தான். என் கணக்கில் அது மலிவான விலை.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் பார்க்கும் வழி 2022 மார்ச்சில் திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நாமே போய்த் தேர்ந்தெடுக்கும்படிதான் வைத்தார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அதைவிட, செயலியை நீக்கிவிட்டு பிரவுசரில் திறப்பதும், முடித்ததும் லாக் அவுட் செய்வதும் மேல். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் நேரத்தில் பாதி ஆசை அடங்கிவிடும். ஃபேஸ்புக்கில் எரிச்சலூட்டும் உறவினரை நட்பிலிருந்து நீக்கிப் பகையைத் தேட வேண்டாம். 'அன்ஃபாலோ' செய்தால் நட்புப் பட்டியலில் இருப்பார், பதிவுகள் மட்டும் வராது, அவருக்கும் தெரியாது.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது, வாரக் கணக்கில் கைபேசி விரதம் இருப்பது ஆகியவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. விரதம் முடிந்த மறுநாளே வட்டியும் முதலுமாக உருட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்க விரும்பினால் ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' இருக்கிறது, ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' இருக்கிறது. மணிக்கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். வேலைக்காகப் பார்த்ததும் அதில் சேர்ந்திருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை எடுத்துப் பார்த்தீர்கள் என்ற எண்ணைக் கவனியுங்கள். எடுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஓர் அறிவிப்பாகத்தான் இருக்கும்.

அறிவிப்புகளில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மனிதர்கள் அனுப்புவது ஒலிக்கலாம், இயந்திரம் அனுப்புவது ஒலிக்கக்கூடாது. 'பசிக்கிறதா?' என்று மதியம் விசாரிக்கும் உணவுச் செயலி, மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை நினைவூட்டும் செயலி எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். வங்கி, ஓடிபி மட்டும் விலக்கு. விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு, ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என எழுதி, இடைவெளி விட்டு 0 சேர்த்து 1909க்கு அனுப்பினால் எல்லா விளம்பர வகைகளையும் தடுக்கலாம். ஓடிபி வருவது இதனால் நிற்காது. 2025 முதல் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து சேர்ந்து வருகிறது: 'பி' என்றால் விளம்பரம், 'ஜி' என்றால் அரசு. தடுத்த பிறகும் 'பி' வந்தால் அதே 1909இல் புகார் செய்யலாம்.