எலி நேராக நடந்தது சரி, முன்பணம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் மூளை நோய்களும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சியும் பற்றிய ஒரு பொது உரைக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த எலி, செல்களைச் செலுத்திய பிறகு நேராக நடக்கும் வீடியோவைக் காட்டினார்கள். வெளியே வரும்போது ஒருவர் எங்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். இப்போது தினமும் கூப்பிடுகிறார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து டிரிப்ஸ் மாதிரி ஏற்றுவார்களாம். "நீங்கள் கேட்ட அதே சிகிச்சைதான், அரசுத் தளத்தில் பதிவான ஆராய்ச்சி, இரண்டே இடம்தான் பாக்கி" என்று முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? அப்பாவோ, இனி இந்த மாதிரிக் கூட்டங்களுக்கே போகக் கூடாது என்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நானும் இருபது வருடத்துக்கு மேலாக இப்படிப்பட்ட மேடைகளில் பேசிக்கொண்டிருப்பவன். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நீங்கள் பார்த்தது பொய்யாக இருக்க வாய்ப்பு குறைவு. பொய் அரங்கின் வாசலில்தான் ஆரம்பித்திருக்கிறது.

அந்த எலியை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பார்க்கின்சன் நோய் கிடையாது. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கொல்லும் ஒரு நச்சை அதன் மூளையில் ஒரு பக்கம் மட்டும் ஊசியால் செலுத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் டோபமைன் உண்டு, மறு பக்கம் இல்லை. பிறகு ஒரு மருந்தைக் கொடுத்துக் கிளப்பிவிட்டால், ஒரு பக்கத் துடுப்பை மட்டும் போட்ட படகு மாதிரி எலி ஒரே திசையில் சுற்றும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வோம். செலுத்திய புதுச் செல்கள் மூளையில் பிடித்துக்கொண்டால் சுற்று குறையும். 1970-களிலிருந்து இந்தச் சோதனை நடக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் அதில் குணமானது யாரோ ஒருநாள் மதியம் ஊசி போட்டு உண்டாக்கிய ஒரு சேதம்.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது அப்படி இல்லை. கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பே, ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் நரம்புச் செல்களுக்குள் கட்டிகட்டியாகச் சேர ஆரம்பித்திருக்கும். யோசித்துப் பாருங்கள்: நடுக்கத்துக்கு முன்பே அம்மாவுக்கு மலச்சிக்கல் இருந்திருக்கலாம், வாசனை சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம், தூக்கத்தில் கைகாலை உதறியிருக்கலாம். மூளையிலும் உடலிலும் பல இடங்களில் நடக்கும் நோய் இது, டோபமைன் செல்கள் அதில் ஒரு பகுதிதான். எலி வீடியோவில் இதெல்லாம் வராது. பேசுகிறவருக்கு நாற்பது நிமிடம்தான். அதில் இருபத்தைந்தை அழகான படங்கள் எடுத்துக்கொள்ளும். சோதித்தது 'எட்டு எலிகள்' என்பது ஸ்லைடின் கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் இருக்கும்.

சரி, மனிதர்களில் யாருமே செய்து பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஏழு பேர், வட அமெரிக்காவில் பன்னிரண்டு பேர். பெரிய ஆபத்து ஏதும் வரவில்லை, சிலருக்கு அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல சேதிதான், எனக்கும் சந்தோஷம். ஆனால் அவை முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்த்த ஆய்வுகள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத ஒரு குழு அவற்றில் இல்லை.

இப்போது அந்த ஆசாமி சொல்லும் "அதே சிகிச்சை"க்கு வருவோம். கியோட்டோவில் செய்தது என்ன? ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, டோபமைன் செல்லாக மாறப்போகும் நிலை வரை கொண்டுவந்து, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையில் குறிப்பிட்ட இடத்தில் வைத்தார்கள். உடல் அதை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். உங்களிடம் பேசுகிறவர் வயிற்றுக் கொழுப்பைக் கரைத்து டிரிப்ஸில் ஏற்றப் போகிறார். அப்படி ரத்தத்தில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் மாட்டிக்கொண்டு அங்கேயே அழியும். மூளை எங்கே, நுரையீரல் எங்கே? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 'ஸ்டெம் செல்' என்ற பெயர் மட்டும்தான்.

அடுத்து ஒரு வீடியோ அனுப்புவார். இன்னும் அனுப்பவில்லை என்றால் இந்த வாரம் வந்துவிடும். முதல் காட்சியில் ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழ முடியாமல் திணறுவார். அடுத்த காட்சியில் விறுவிறுவென்று நடந்து வந்து கேமராவைப் பார்த்துக் கையசைப்பார். இந்த அதிசயத்தை உங்கள் வீட்டிலேயே நீங்கள் படம் எடுக்கலாம். காலையில் லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) மாத்திரைக்கு முன்பு அம்மாவை ஒரு தடவை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை. பல வருடமாக இந்த நோய் இருப்பவர்களுக்கு மருந்து இறங்கிய நேரமும் ஏறிய நேரமும் இரவும் பகலும் போல இருக்கும். நரம்பியல் மருத்துவர்கள் இதை 'ஆஃப்', 'ஆன்' என்பார்கள். வீடியோவின் மூலையில் மணி காட்டாத வரை அது எதற்கும் சாட்சி ஆகாது.

நம்பிக்கைக்கே இந்த நோயில் ஒரு பலம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மருந்து என்று நம்பி, மருந்தே இல்லாத போலி மருந்தை எடுத்துக்கொண்டவர்களின் மூளையில் நிஜமாகவே டோபமைன் வெளிப்பட்டதை 2001இல் ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 40 நோயாளிகள். பாதிப்பேருக்குக் கருவிலிருந்து எடுத்த டோபமைன் செல்களை மூளையில் வைத்தார்கள். மறு பாதிப்பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் போட்ட மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது குறைந்தவர்களுக்கு அசைவில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் செல் பெற்றவர்களில் சிலருக்குப் பின்னாளில், மருந்தைக் குறைத்தும் அடங்காத உடல் முறுக்கல் வந்துவிட்டது. வைத்த செல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

"அரசுத் தளத்தில் பதிவானது" என்ற வசனம்தான் என்னை உண்மையிலேயே எரிச்சலாக்குவது. மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் தளங்கள் எதற்காக வந்தன? சாதகமில்லாத முடிவுகளை யாரும் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக. அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரையல்ஸ் தளம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. ஓர் ஆய்வு பட்டியலில் இருப்பதால் அரசு அதைச் சரிபார்த்தது என்று அர்த்தம் இல்லை என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? ஃபுளோரிடாவில் மாகுலா சிதைவு என்ற கண் நோய் இருந்த மூன்று மூதாட்டிகளுக்கு, அவர்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். மூவருக்கும் இரண்டு கண்ணிலும் பார்வை கடுமையாகப் பறிபோயிற்று. அவர்களில் ஒருவராவது அதைப் பதிவான ஆராய்ச்சி என்று நம்பித்தான் போயிருந்தார். 2017இல் மருத்துவ இதழில் இது வெளிவந்து உலகமே பேசியது. அதன் பிறகும் பட்டியலை நிர்வகிப்பவர்கள் எழுத்துப் பிழை பார்க்கும் அளவுக்கு ஏமாற்றைப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஏற்பாட்டாளர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? ஒருமுறை என் உரை முடிந்து இரண்டு வாரத்தில், நான் மைக் பிடித்து நிற்கும் படத்தோடு ஒரு துண்டறிக்கை என் கைக்கே வந்தது. 'ஆராய்ச்சியாளரின் பரிந்துரை' என்று தலைப்பு. உரையை ஏற்பாடு செய்தவர்களிடம் புகார் சொன்னேன். "கவனிக்கிறோம்" என்றார்கள். அடுத்த வருடம் அதே ஆட்களுக்கு வாசலில் மேசை போட்டுத் துணி விரித்துக் கொடுத்திருந்தார்கள். அரங்கச் செலவில் ஒரு பங்கு அவர்களுடையதாம்.

"ஸ்டெம் செல் சிகிச்சை பல வருடமாக நடக்கிறதே, நோபல் பரிசே கொடுத்தார்களே" என்று அந்த ஆள் சொல்வார். இதை மட்டும் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது உண்மை. ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு சில ரத்த நோய்களுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்று என்று ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1950-களில் தொடங்கினார், 1990இல் அவருக்கு நோபல் கிடைத்தது. உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்களுக்குச் செய்தாகிவிட்டது. அது ஏன் பலிக்கிறது? மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லின் பிறவித் தொழிலே ரத்தம் உண்டாக்குவது. கை நரம்பில் ஏற்றினால் அதுவே வழி தெரிந்து எலும்புக்குள் போய் உட்காரும், உட்கார்ந்து தன் பழைய வேலையையே பார்க்கும். புதிதாக ஒன்றும் நாம் அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கொழுப்பிலிருந்து எடுத்த செல்லுக்கு மூளைக்கு வழியும் தெரியாது, டோபமைன் நரம்பாகும் வித்தையும் தெரியாது. ஆகவே உங்கள் உறவினர் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் வந்து மருத்துவர் ஸ்டெம் செல் மாற்று என்று சொன்னால், என் பேச்சைக் காட்டி மறுத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. புரோக்கர்கள் அதன் பேரில் இதை விற்கிறார்கள். மஜ்ஜை மாற்றுக்கு வாங்கிய உரிமத்தைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைப்பவர்களும் உண்டு.

பணத்துக்கு வருகிறேன். புதுச் சிகிச்சை ஒன்று பலிக்குமா என்று தெரிந்துகொள்ள உடலைத் தருகிறவர் நோயாளி. அவரிடமே கட்டணமும் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? ஆராய்ச்சி என்று சொல்லி முன்பணம் கேட்டால், என்னைப் பொறுத்தவரை அது வியாபாரம். "இரண்டே இடம்" என்று அவசரப்படுத்தினால் சந்தேகமே வேண்டாம். முறையான ஆய்வில் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, நாலு பேரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும், நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவை எப்படித் தொடர்புகொள்வது என்றும் அதில் எழுதியிருக்கும்.

பணம் மட்டுமா போகும்? இப்படிக் கண்ட செல்லை ஏற்றிக்கொண்டவர்களைப் பிற்பாடு நடக்கும் முறையான செல் ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். நாளைக்கு உண்மையான வாய்ப்பு வந்தால், இன்றைய டிரிப்ஸ் அந்தக் கதவைச் சாத்திவிடும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கோபம் சரியான ஆள் பக்கம் திரும்பும்.

அந்த ஆள் இன்னும் கூப்பிட்டால், பதிவு எண், ஆய்வுக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் பெயர், நெறிமுறைக் குழுவின் எண், ஒப்புதல் படிவத்தின் நகல், நான்கையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். போன் தானாக நின்றுவிடும். அப்படியும் ஏதாவது வந்தால் அதை அம்மாவின் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க மாட்டார், எனக்குத் தெரியும், எல்லா இடத்திலும் அதே கதைதான். அதனால் ஒரு வாரம், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடை இலகுவானது, எப்போது மறுபடி இறுகியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஆறு வருடம் ஆன நோயாளிக்கு மாத்திரை நேரத்தை மாற்றினாலே கிடைக்கக்கூடிய நிம்மதியைப் பலர் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கூட்டங்களுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி ஃபாரடே மேடையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தே அதைப் பற்றிப் பேசினார். நோயை அப்படி மேடையில் கொண்டுவந்து காட்ட முடியாததால்தான் எங்களுக்கு எலி தேவைப்படுகிறது. எனவே மைக் உங்கள் பக்கம் வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை எத்தனை மனிதர்களுக்குச் செய்திருக்கிறீர்கள்? செய்யாத எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள்?" நேர்மையான ஆராய்ச்சியாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்கு யாராவது கேட்டால், மீதி நேரத்தையும் அவருக்கே கொடுத்துவிடுவேன். அடுத்த உரைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து. வாசலில் நம்பர் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.