எரிமலையில் கால் முறிந்தது. கையொப்பம் போட்ட பிறகு நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நான் காரைதீவைச் சேர்ந்தவன். மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு பயண முகவர் மூலம் மனைவியோடு பாலிக்குப் போனேன். பெக்கேஜில் கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலையும் சேர்ந்திருந்தது. “பயப்பட ஒண்டுமில்ல தம்பி, சின்னப் பிள்ளைகளும் ஏறுதுகள்” என்று முகவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். ஏறுவதற்கு முன் ஆங்கிலத் தாள் ஒன்றில் கையொப்பம் வாங்கினார்கள். கந்தக வாயு எரிந்து இரவில் தெரியும் நீலத் தீயைக் காட்டுவதாக வழிகாட்டி எங்களை எரிமலைக் குழிக்குள் இறக்கினார். கந்தகப் புகை எங்கள் பக்கம் திரும்ப, விலகி ஓடி விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. இரண்டு மாதமாகிறது. காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்துவிட்டது. முகவரோ, “கையெழுத்து வச்சது நீங்கள்தானே” என்கிறார். என்ன செய்யலாம்? அவரைப் பற்றி முகநூலில் எழுதலாமா?

பதில்: அந்தத் தாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது மலையடிவாரத்தில் அங்குள்ள வழிகாட்டிகளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது. உங்கள் முகவர் அதில் ஒரு தரப்பே அல்ல. அவரே உங்களிடம் அப்படி ஒன்றை வாங்கியிருந்தாலும் பெரிய பயன் இருக்காது. இலங்கையின் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டத்தின்படி, கவனயீனத்தால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், வியாபாரம் நடத்துபவர் ஒப்பந்த வாசகத்தைக் காட்டிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

முகவர் சொல்லப்போகும் அடுத்த வாதம் எனக்கு இப்போதே கேட்கிறது: “நான் டிக்கட் மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன்.” இதை இலேசாக எடுக்காதீர்கள். நியூசிலாந்தின் வக்காரி தீவு எரிமலை 2019 டிசம்பரில் வெடித்து 22 பேர் இறந்தார்கள். தீவின் உரிமையாளர் கம்பனி 2023இல் குற்றவாளியாகக் காணப்பட்டது. ஆனால் 2025இல் மேல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சுற்றுலாவை நடத்தியவர்கள் வேறு, நிலத்துக்கு அனுமதி கொடுத்தவர் வேறு என்பதே அதன் சாரம். அது அந்நாட்டுக் குற்றவியல் வழக்கு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பயணத்தை யார் நடத்தினார் என்ற அதே கேள்விதான் இங்கும் எழும். ஈஜென் ஏற்றம் முகவரின் பெயரில் போட்ட நிகழ்ச்சி நிரலில் இருந்ததா? முழுப் பணத்துக்கும் அவர்தான் பற்றுச்சீட்டுத் தந்தாரா? ஆம் என்றால் உங்கள் பக்கம் பலமானது.

அந்தக் குரல் பதிவு உங்கள் கையில் உள்ள பொன். சேவையைப் பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் வரும்படியோ சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அதன்கீழ் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க, சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். இரண்டு மாதம் போய்விட்டது. ஆகவே இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். போனை மாற்றாதீர்கள், வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் செய்திகளும் நம் நீதிமன்றங்களில் சான்றாக ஏற்கப்படும்.

காப்புறுதி விடயத்தில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தர மாட்டேன். ஈஜென் குழியின் விளிம்பில் கீழே இறங்கக் கூடாது என்று ஆங்கிலத்திலும் பலகை உண்டு. வழிகாட்டிகள் அதைத் தாண்டி ஆட்களைக் கூட்டிப்போவது அங்கே வழக்கம்தான். ஆனால் கம்பனி வழக்கத்தைப் பார்க்காது, பலகையைத்தான் பார்க்கும். நுழைவுச்சீட்டு விற்றார்களே என்று கேட்பீர்கள். சீட்டு விற்றதால் மட்டும் தடை இல்லை என்றாகாது. சுமாத்திராவின் மராபி மலையில் குழியிலிருந்து 3 கிலோமீற்றருக்குள் போகாதீர்கள் என்று எரிமலை நிலையம் சொல்லியிருந்தும் ஏற அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 டிசம்பர் 3ஆம் திகதி அது வெடித்து 24 பேர் இறந்தார்கள். இந்தோனேசியாவில் எச்சரிக்கை நான்கு மட்டங்களில் வெளியாகிறது. நீங்கள் ஏறிய நாளில் ஈஜெனுக்கு எந்த மட்டம், எவ்வளவு தூரம் தடை என்பதை இணையத்தில் பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமா பாதகமா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிறகு நிராகரிப்புக் கடிதத்தில் எந்த வாசகத்தைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். “ஆபத்தான விளையாட்டு” என்று மொட்டையாக இருந்தால் வாதாடலாம். தெளிவில்லாத வாசகத்தை, எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது வழமை. “தடைசெய்த இடத்துக்குள் நுழைதல்” என்றால் கடினம். எதுவானாலும் முதலில் கம்பனியிடமே மேன்முறையிட்டு, சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள்.

முகவருக்கு எதிரான வழக்கை மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். ஒப்பந்தம் அங்கேதான் நடந்தது, முகவரும் அங்கேதான். உங்கள் ஊருக்குக் கிட்ட என்று கல்முனையில் போட முடியாதா எனக் கேட்காதீர்கள். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி வழக்குப் போட, கவனயீனத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம், எழுத்து ஒப்பந்த மீறலுக்கு ஆறு வருடம். இரண்டு வருடத்தையே கணக்கில் வையுங்கள். அதற்கு முன் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் பாதி முகவர்கள் பேச வந்துவிடுவார்கள். கேட்ட முழுத்தொகையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பலகையைக் கண்டும் இறங்கினீர்கள் என்று தெரிந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உங்கள் பங்குக்குரிய தவறு கழிக்கப்படும். இந்தோனேசிய மொழியிலுள்ள வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகளுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்குச் செலவும் நாளும் பிடிக்கும்.

முகநூலில் எழுத வேண்டாம். நம் நாட்டு மானநட்டச் சட்டத்தில் சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். நீங்கள் வழக்காளியாக நிற்க வேண்டிய இடத்தில் எதிராளியாக நிற்பீர்கள்.