மூக்குத் தண்டுக்கு விலாவா, சிலிக்கோனா?

கேள்வி: 2009 இல், ஒன்பது வயதில் பங்கருக்குள் விழுந்து மூக்கில் பலமாக அடிபட்டது. அப்போது மருந்து கட்ட வழியிருக்கவில்லை. இப்போது மூக்கின் நடுவில் பள்ளம், ஒரு பக்கம் மூச்சும் அடைப்பு. விலாவில் எடுத்து வைக்கவேண்டும் என்கிறார் டொக்டர். சென்னையில் அரை மணித்தியாலத்தில் சிலிக்கோன் வைத்துவிடலாம், விலாவில் கைவைத்தால் பிள்ளை பெறக் கஷ்டம் என்கிறார் வவுனியாவில் ஒரு முகவர். கனடாவில் இருக்கும் சித்தி காசு தருவார். என்ன செய்யலாம்? – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படிச் சொன்னவரிடம் இனி எதையும் கேட்காதீர்கள்.

எடுப்பது எலும்பையே அல்ல. விலா நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் உள்ள குருத்தெலும்பை. மார்புக்குக் கீழுள்ள மடிப்பில் சின்ன வெட்டு. சில கிழமைக்கு இருமினால், சிரித்தால் நோகும்.

ஏன் விலா? சிறுவயதில் அடிபட்டபோது மூக்கின் நடுச்சுவருக்குள் இரத்தம் தேங்கியிருக்கும். அதை உடனே வெட்டி வெளியேற்றாவிட்டால் ஊட்டம் கிடைக்காமல் குருத்தெலும்பு சில நாட்களிலேயே செத்துவிடும், தண்டு இறங்கிவிடும். ஆகவே அந்தச் சுவரில் எடுப்பதற்கு அநேகமாக ஒன்றும் மிச்சமிராது. காதில் எடுப்பது மென்மையானது, வளைந்தது. சிறு பள்ளத்தை நிரப்பும், பாரம் தாங்காது. வளை முறிந்த வீட்டுக்குப் புதுக் கிடுகு வேய்ந்து என்ன பயன்? விலாக் குருத்தெலும்பு காலப்போக்கில் கொஞ்சம் வளையலாம், அதையும் டொக்டரிடம் கேட்டு வையுங்கள். ஆனால் அது உங்கள் சதை, உடம்போடு ஒட்டும். சிலிக்கோன் ஒட்டாது. தழும்பு விழுந்த, மெல்லிய தோலுக்குக் கீழே வைத்தால் வருடங்கள் கழித்தும் கிருமி தொற்றலாம், தோலைத் துளைத்து வெளியே வரலாம்.

ஒன்றை மட்டும் எங்கள் பகுதியில் சொல்லாமல் விட முடியாது. நெஞ்சில் செல் (எறிகணை) துண்டு இருந்தாலோ, முன்பு நெஞ்சில் குழாய் போட்டிருந்தாலோ, முதல் நாளே சொல்லுங்கள். நோகவில்லை, பழகிவிட்டது என்று பலர் சொல்வதில்லை. வேறு பயத்தில் மறைப்பவர்களும் உண்டு. இந்தக் குருத்தெலும்புக்கு நேர் பின்னால் நுரையீரலின் உறை இருக்கிறது. பழைய காயத்தில் அது சுவரோடு ஒட்டியிருந்தால் வெட்டும்போது கிழிந்து காற்றுக் கசியலாம். முன்கூட்டித் தெரிந்தால் சீ.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்து மற்றப் பக்கத்தில் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப்போனால் இன்னும் கட்டாயம் சொல்லவேண்டும், உள்ளே இருக்கும் இரும்பைக் காந்தம் இழுக்கும்.

இனி அந்த முகவருக்கு வருவோம். அவருக்குக் கொமிஷன் ஆளுக்கு, மூக்குக்கு அல்ல. திரும்பி வந்தபின் சீழ் பிடித்தால் அவருடைய தொலைபேசி வேலை செய்யாது, இங்குள்ள டொக்டருக்கோ உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. யார் எங்கே செய்தாலும் கத்தி பிடிப்பவரின் பெயரையும் மருத்துவ சபைப் பதிவையும் முதலே கேளுங்கள். செயற்கைப் பொருள் வைத்தால் பெட்டியிலுள்ள தொகுதி இலக்க ஸ்ரிக்கரையும் ஒப்பரேஷன் குறிப்பையும் கையில் வாங்குங்கள். “ஊசி போட்டே நிமிர்த்தலாம்” என்று அழகு நிலையம் கூப்பிட்டால் போகவே வேண்டாம். மூக்கின் இரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடுப்பவை. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம்.

எங்கள் ஆஸ்பத்திரிகளின் சீரைச் சொன்னால் கோபம்தான் வரும். விடியமுன் பஸ் ஏறிப் போய் இலக்கம் எடுத்தால், “அழகுக்குத்தானே” என்று பட்டியலின் அடியில் போடுவார்கள். போரில் உடைந்த மூக்கு எப்போதிருந்து அழகு விஷயம்? கிளினிக்குக்கு அனுப்பத் துண்டு எழுதும் டொக்டரிடம் மூச்சு அடைப்பை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். பொய்யில்லை, உங்களுக்கு அது இருக்கிறது. காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தொடங்கினால் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைக்கு அவர்களே அனுப்புவார்கள். சித்தியின் காசை ஸ்கானுக்கும் போக்குவரத்துக்கும் வைத்திருங்கள். கலியாணப் பேச்சு ஏதும் இருந்தால் அந்தத் திகதியை வைத்து அவசரப்பட வேண்டாம். வீக்கம் முழுதாக இறங்க ஒரு வருடம் செல்லும்.