பனிக்கால டயர்: கேளுங்கள், சொல்கிறேன்

டயர் பட்டறையில் 18 குளிர்காலம் வேலை பார்த்தவன் நான். பனியில் ஓட்டுவதற்கான டயர், வீல் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். எஞ்சின், பேட்டரி விஷயங்களுக்கு நான் சரியான ஆள் இல்லை.

கேள்வி: என் டயரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. அது கம்பெனி தானாகப் போட்டுக்கொள்ளும் எழுத்து. அதற்காக டயரைப் பனியில் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி கிடைக்கும்.

கேள்வி: பனி விழாத நாளிலும் இந்த டயர் எதற்கு அண்ணா? ரோடு காய்ந்துதானே கிடக்கிறது?

பதில்: ரப்பர்தான் காரணம். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர் கடுமையான காலையில் இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேட்டை, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கோடை டயர் மரக்கட்டை மாதிரி நிற்கும். குளிர்கால டயரில் பட்டன் லேசாக வளையும், அதிலுள்ள மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். பனியைக் கவ்வுவது அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான். பட்டன் இடுக்கில் பனி அடைத்துக்கொண்டால் கவலைப்பட வேண்டாம். பனியோடு பனி நன்றாக ஒட்டும், அதுவும் பிடிப்புக்கு உதவுகிறது.

கேள்வி: முன்வீல் இழுக்கும் கார். முன்னால் மட்டும் இரண்டு குளிர்கால டயர் போட்டால் பணம் மிச்சமாகுமே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் நன்றாகப் பிடிப்பதால் உங்களுக்குத் தைரியம் வந்துவிடும். இறக்கத்தில் ஒரு வளைவு வருகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எடை முன்னால் சாயும், பின்பக்கம் இலேசாகும். அங்கே இருப்பதோ விறைத்துப்போன கோடை டயர். முன்பக்கம் வளைவில் திரும்பும், பின்பக்கம் நேராகப் போகும். கார் சுழன்றுவிடும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தாவது சமாளிக்கலாம். பின்பக்கம் கிளம்பிவிட்டால் பெரும்பாலானோருக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப நேரமே கிடைக்காது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கேள்வி: என்னுடையது நான்கு வீலும் இழுக்கும் வண்டி. எனக்கும் தேவையா?

பதில்: தேவை. நான்கு வீல் இழுவை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு வீலில்தான். கணக்குப் பாருங்கள்: 50 கிலோமீட்டர் வேகத்தில், உராய்வு எண் (பிடிப்பின் அளவு) 0.8 இருக்கும் காய்ந்த ரோட்டில் பிரேக் அடித்தால் சுமார் 12 மீட்டரில் நிற்கலாம். 0.25 இருக்கும் பனியில் 40 மீட்டர் ஆகும். 0.1 மட்டுமே இருக்கும் ஐஸில் கிட்டத்தட்ட 100 மீட்டர். பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்கும் ஐஸ் இன்னும் மோசம், மேலே ஈரம் படிந்திருக்கும். மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் ஐஸை விட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: பேட்டரி காலையில் இழுக்க மாட்டேன் என்கிறது…

பதில்: ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: காரோடு வந்தது 225/45 ஆர் 17. குளிர்காலத்துக்குத் தனியாகச் சின்ன ரிம் வாங்கலாமா?

பதில்: நல்ல யோசனை. இந்த எண்களில் முதலாவது டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 205/55 ஆர் 16, 195/65 ஆர் 15 இரண்டுமே மொத்த உயரத்தில் உங்கள் 17-க்கு மிக அருகில் வரும், ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. பக்கவாட்டு ரப்பர் உயரம் என்பதால் பனிக்குள் மறைந்திருக்கும் குழியில் ரிம் அடிபடுவது குறையும். ஆனால் 15 அங்குல ரிம் உங்கள் பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) மேல் உரசாமல் உட்காருமா என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். போல்ட் இடைவெளி, நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட் (வீல் உள்ளே, வெளியே தள்ளி உட்காரும் அளவு), டயர் தாங்கும் எடைக் குறியீடு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். நட்டின் வாயையும் பாருங்கள். சிலவற்றில் கூம்பு, சிலவற்றில் உருண்டை. கூம்பு நட்டு உருண்டைக் குழியில் இறுகியது போலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீல் கழற்றியதும் ஹப் முகத்தில், அதாவது வீல் ஒட்டி உட்காரும் இடத்தில், துரு வளையம் தெரியும். கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் ஒரு காருக்குத் தேய்க்காமல் மாட்டினேன். மறுநாள் அந்தக் கார் ‘கடகட’ சத்தத்தோடு திரும்பி வந்தது. துருப் பொருக்கு நசுங்கி இடைவெளி விட்டிருந்தது, இரண்டு நட்டு விரலாலேயே சுழன்றன. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யாருக்கு வீல் மாட்டினாலும் சொல்கிறேன்: 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: அகலம் குறைந்த டயரைச் சொல்கிறீர்கள். உராய்வு விசை எடையைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்தது இல்லை என்று பள்ளியிலேயே படித்தோமே?

பதில்: அந்த விதி இரண்டு கெட்டியான பரப்புகளுக்கு. ரப்பர் வளைந்து தரையின் மேடுபள்ளத்துக்குள் இறங்கும், அதனால் அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. மேலும் புதுப்பனி கெட்டித் தரையே இல்லை. அகல டயர் அதைக் கலப்பை மாதிரி தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒடுங்கிய டயர் வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டியான தளத்தைத் தொடும்.

கேள்வி: ஐஸ்லாந்தில் ஜீப்புகளுக்கு 38, 44 அங்குல ராட்சத டயர் போட்டுப் பனியாற்றின் மேலேயே ஓட்டுகிறார்களே? அகலம் கெடுதல் என்றால் அது எப்படி?

பதில்: அருமையான கேள்வி. அங்கே கீழே தொடுவதற்குத் தரையே இல்லை, பல மீட்டர் ஆழத்துக்குப் பனிதான். வெட்டி இறங்கினால் வண்டி புதைந்துவிடும். அதனால் காற்றை மிகவும் குறைத்து, டயரைச் சப்பையாக்கி, பனியின் மேல் மிதக்க விடுகிறார்கள். நாம் பேசுவது கையகலப் பனி மூடிய ரோடு. அது வேறு கணக்கு.

கேள்வி: உராய்வு விதி பற்றிக் கேட்டவன்தான். அப்படியானால் வழுவழு ஐஸில்? அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லையே. அகலம்தானே ஜெயிக்கும்?

பதில்: ஒப்புக்கொள்கிறேன் தம்பி. வெறும் ஐஸில் ஒடுங்கிய டயருக்கு அந்த அனுகூலம் இல்லை. அங்கே முடிவு செய்வது ரப்பர் கலவையும் கீறல்களும். ஸ்டட், அதாவது டயரில் பதித்த உலோக ஆணி, இருந்தால் அதுவும். ஆனால் ஒரு குளிர்காலத்தில் நீங்கள் கடப்பது ஐஸ் மட்டும் இல்லை. புதுப்பனி, சேறாய்க் கரைந்த பனி, தண்ணீர் தேங்கிய ரோடு எல்லாம் வரும். கரைந்த பனியில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், ஸ்டியரிங் கையில் வெறுமையாகிவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கார் கையேடு அனுமதிக்கும் அளவுகளில் ஒடுங்கியதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: ஸ்டட் டயர் போடலாமா சார்?

பதில்: முதலில் உங்கள் ஊரில் சட்டப்படி அனுமதி உண்டா என்று பாருங்கள், பல இடங்களில் தடை. தினமும் ஐஸ் மேல்தான் ஓட்டம் என்றால் அதற்கு இணை இல்லை. வெறும் தார் ரோடுதான் அதிகம் என்றால் வேண்டாம், சத்தமும் அதிகம், ரோடும் தேயும். புதிதாகப் போட்டதும் முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், ஆணி ரப்பரில் நன்றாக உட்காரட்டும்.

கேள்வி: என்னுடையது பின்வீல் இழுக்கும் கார். பின்னால் மட்டும் இரண்டு போட்டால்?

பதில்: முன்பக்கம் திரும்பவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது. நான்கு.

கேள்வி: எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல் டயர்கூட ஒன்று போல இருக்காது. உங்கள் அளவில் நடந்த சோதனை முடிவைப் படியுங்கள்.

கேள்வி: பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம் செய்தது. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டம் விட்டாலும் பனி விடாது, வாங்காதீர்கள்.

கேள்வி: பனியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்க வேண்டுமாமே?

பதில்: ரோட்டில் வேண்டாம். குளிரே குறைத்துவிடுகிறது, சுமார் ஆறு டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போகும். 20 டிகிரி அறைக்குள் காற்று அடித்து மைனஸ் 10-ல் நிறுத்தினால் ஐந்து குறைந்திருக்கும். வண்டி ஓட்டுவதற்கு முன், வெளிக்குளிரிலேயே அளந்து அடியுங்கள்.

கேள்வி: முன்னால் இரண்டு மட்டும் போட்டு மெதுவாக ஓட்டினால்?

பதில்: மூன்றாவது முறை இது. மேலே முழுதாக எழுதியிருக்கிறேன், படியுங்கள். மெதுவாகப் போனாலும் இறக்கம் இறக்கம்தான்.

கேள்வி: நேற்று வீல் மாற்றினேன், 80 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்து இப்போதே போய்ப் பார்த்தேன். இடது பின்வீலில் இரண்டு நட்டு கால் சுற்று நகர்ந்தது.

பதில்: பார்த்ததற்கு நன்றி. அதோடு விடாதீர்கள். அந்த வீலைக் கழற்றி ஹப் முகத்தையும் நட்டு உட்காரும் குழியையும் பாருங்கள். துருவோ பெயின்டோ இருந்தால் தேய்த்துவிட்டு, நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, இறுக்குங்கள். இன்னொரு 50 கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு வீலையும் மறுபடி.

கேள்வி: பனிக்காக டயர் மேல் மாட்டும் செயின் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: மலைப்பாதை என்றால் கட்டாயம். இழுக்கும் வீலில்தான் மாட்ட வேண்டும், நான்கும் இழுத்தால் கையேடு சொல்லும் வீலில். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். வாங்கியதும் வீட்டு வாசலில், வெளிச்சத்தில், ஒரு தரம் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். இரவில் விரல் மரத்துப்போன பிறகு கொக்கி எந்தப் பக்கம் என்று தேட முடியாது. கையுறை, டார்ச், முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கு, மூன்றையும் செயின் பையிலேயே வையுங்கள்.